முறத்தில் காய்ந்த மருந்துத் தாள்கள்

தண்ணீரைத் தாளாக்குவதுதான் என் வேலை என்று சொன்னால், நான் குடியிருந்த ஓசூர்ப் பக்கத்து மத்திகிரியில் யாரும் நம்பவில்லை. வீட்டுக்காரம்மா தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ன சொன்னார் என்று புரிகிற அளவுக்கு நான் தெலுங்கு கற்றுக்கொண்ட காலத்தில் அவரே அதை மறந்து போயிருந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. விருதுநகர்ப் பக்கத்துக்காரியான நான் வேதியியல் பட்டத்தோடும் ஒரு டிரங்குப் பெட்டியோடும் ஓசூரில் வந்து இறங்கியிருந்தேன். தொழிற்பேட்டையின் கடைக்கோடியில், லாரிப் பட்டறைக்கும் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கும் நடுவில் எங்கள் கம்பெனி. காயத்தின் மேல் வைக்கிற காஸ் துணி, பேண்டேஜ், பஞ்சு, இவைதான் சரக்கு. முதலாளி ஒருகாலத்தில் மருந்து விற்பனைப் பிரதிநிதியாகப் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர். பெங்களூரில் ஒரு கண்காட்சியில் தீப்புண்ணுக்குப் போடும் ஜெல் தாளை யாரோ வெளிநாட்டுக்காரர் காட்டியிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து முதலாளிக்கு வேறு பேச்சில்லை. அதன் விலையைக் கேட்டால் எரியாத இடமும் எரியும், நாமே செய்துவிடலாம் என்றார். அதற்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்.

ஜெல் தாள் என்பது பெரிய மாயம் ஒன்றுமில்லை. நுங்கை மெல்லிசாகச் சீவிப் புண்ணின் மேல் போர்த்தினால் எப்படியிருக்குமோ அப்படி இருக்கும். பெரும்பகுதி தண்ணீர்தான், ஆனால் ஒழுகாமல் நிற்கிற தண்ணீர். அதில் மருந்தைக் கலந்துவிட்டால் புண்ணுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து இறங்கிக்கொண்டிருக்கும். புண் ஈரமாகவே இருக்கும், எதுவும் ஒட்டாது. ஒட்டாமல் இருப்பதன் அருமை எனக்கு முதலில் தெரியவில்லை. நாங்கள் துணி கொடுத்து வந்த மிஷன் ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா ஒருநாள் என்னைத் தீக்காய வார்டுக்குள் அழைத்துப் போய், காய்ந்து ஒட்டிய காஸ் துணியைப் பிரிப்பதைப் பக்கத்தில் நிற்க வைத்துக் காட்டினார். துணியோடு சேர்ந்து புதிதாக வந்த தோலும் பிய்ந்து வந்தது. கட்டிலில் கிடந்தவர் கத்திய கத்தல் வார்டு முழுக்கக் கேட்டது. அது எங்கள் கம்பெனித் துணி. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதன்பிறகு வேலையில் வெறியே வந்துவிட்டது. நூற்பாலைகளில் நூலுக்குக் கஞ்சி போடுகிறார்களே, அந்த ஜாதிப் பொடியில் சுத்தமானதை வாங்கி வெந்நீரில் கட்டி தட்டாமல் கூழாகக் காய்ச்சுவேன். ஆறியதும் தீப்புண்ணுக்கான வெள்ளி கலந்த மருந்தைச் சேர்த்துத் தட்டுகளில் ஊற்றி உறைய வைப்பேன். உறைந்ததை இளக விட்டு மறுபடி உறைய வைப்பேன். இப்படிச் சிலமுறை செய்தால் அது தானாகவே இறுகி, தூக்கினால் கிழியாத தாளாகிவிடும். உறைய வைக்க முதலாளி பெங்களூரிலிருந்து பழைய ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். அதன் மூடியில் ஒரு குழந்தை நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும். என் கணக்குப்படி உறைந்து இளகியதைவிட, கரண்ட் அதன் இஷ்டத்துக்குப் போய்ப் போய் வந்ததில் உறைந்து இளகியதுதான் அதிகம். அந்தக் குழந்தையின் மேல் நான் எரிந்து விழுந்த நாட்கள் உண்டு.

தாள் வந்துவிட்டது. ஆனால் அதை வைத்துக்கொள்வதுதான் பெரும்பாடாக இருந்தது. பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் வியர்த்துத் தண்ணீர் விட்டது. மழைக்காலத்தில் கறுப்புப் பூஞ்சை பூத்தது. கிருஷ்ணகிரி வரை வேனில் போய் வந்த பெட்டியைத் திறந்தால் உள்ளே பாதி சுருங்கிக் கிடந்தது. அன்றன்றைக்குச் செய்து அன்றன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தால் மட்டும் நன்றாக வேலை செய்தது. டாக்டரம்மா சிறிய தீக்காயங்களுக்கு, காயம்பட்டவரிடம் விவரம் சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொண்டு, போட்டுப் பார்த்தார். பரவாயில்லை என்றார். அவர் வாயில் பரவாயில்லை வந்தால் பரிசு வாங்கிய மாதிரி.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் வரிசை வீடுகளில் கடைசி வீட்டுப் பெண்ணின் கை வெந்தது. உத்தனப்பள்ளிப் பக்கத்திலிருந்து அம்மாவும் மகளுமாக வந்து குடியிருந்தார்கள். அம்மா மாட்டுப் பண்ணையில் தீவனப்புல் அறுக்கும் கூலி வேலைக்குப் போவார். தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் குனிந்து வேலை செய்த குடும்பம். அந்தக் குடும்பத்தில் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய முதல் ஆள் இந்தப் பெண்தான். மோட்டார்களுக்கு மெல்லிய செம்புக்கம்பியைச் சுற்றும் கம்பெனியில் பயிற்சியில் இருந்தாள். மயிர் போன்ற கம்பி. விரல்தான் அங்கே படிப்பு, விரல்தான் சர்ட்டிபிகேட். ஒருநாள் காலையில் மண்ணெண்ணெய் ஸ்டவ் குப்பென்று பிடித்ததில் வலது புறங்கையும் விரல்களின் மேல்பக்கமும் வெந்துவிட்டன.

நான்தான் அவளை மிஷன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார். தோல் வந்துவிடும், ஆனால் வலிக்குப் பயந்து விரலை அசைக்காமல் வைத்திருந்தால் வருகிற தோல் இழுத்துக்கொள்ளும், அப்புறம் விரல் மடங்காது. துணி ஒட்டாமல் ஜெல் தாள் இருந்தால் அதற்கு அடியிலேயே விரல்களை ஆட்டிக்கொண்டிருக்கலாம். தாளைக் கழற்றக் கூடாது, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரியிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்றார். கம்பெனிக்காரர்களும் மோசமானவர்கள் இல்லை. ஆயுத பூஜை வரைக்கும் இடத்தை வைத்திருப்பதாகவும், அதற்குமுன் வந்து சூப்பர்வைசர் முன்னால் கம்பி சுற்றிக் காட்ட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். காட்டாவிட்டால் வாசலில் நிற்கிற பெண்களில் ஒருத்திக்கு அந்த இடம் போய்விடும். வாசலில் நிற்கிற பெண்களுக்கா ஓசூரில் பஞ்சம்.

திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "இந்த வெரலு மடங்கலன்னா நானு திரும்பத் தோட்டத்துல தக்காளி பொறுக்கத்தான்க்கா போவணும்" என்றாள். அழவில்லை. அதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதல் வாரம் புண் ரோஜா நிறத்தில், பார்க்கவே தைரியம் தருகிற மாதிரி இருந்தது. விரல்களை ஆட்டச் சொன்னால் ஆட்டினாள். மழை விடாமல் பெய்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஓடை பெருகத் தொடங்கியதால், சில நாள்தானே என்று தாள்களை வீட்டுக்கே கொடுத்து அனுப்பினோம். எப்படி மாற்றுவது என்று நர்ஸ் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். மழை விட்டு அவள் மறுபடி வந்தபோது எல்லாம் தலைகீழாகியிருந்தது. தாள் காய்ந்து தோல் செருப்பு மாதிரி விறைத்துப் புண்ணோடு ஒட்டிக் கிடந்தது. உப்புத்தண்ணீர் விட்டு ஊற வைத்து எடுத்தும் ரத்தம் வந்தது. விரல்கள் விறைத்துவிட்டிருந்தன. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டனுப்பி, உன் தாளில் என்னதான் போட்டிருக்கிறாய் என்று கேட்டார். அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கம்பெனிக்குத் திரும்பி, மிச்சம் வைத்திருந்த தாள்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஒன்றுகூட அப்படிக் காயவில்லை. முதலாளி பின்னாலேயே வந்து நின்றார். ஊருக்கு நல்லது செய்யப் போய்ப் பேர் கெட்டுவிடப் போகிறது, இதோடு நிறுத்திக்கொள்வோம், காஸ் துணியே நமக்குப் போதும் என்றார். நான் தாள்களை மறுபடி எண்ணி அடுக்கினேன். வாயைத் திறந்தால் வேலை போயிருக்கும். என் கோபத்தை எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைசி வீட்டுக்குப் போனேன். மழை விட்டு நல்ல வெயில். வாசலில் கவிழ்த்த பானையின் மேல் ஒரு முறம். முறத்தின் மேல் வெள்ளை வேட்டித்துணி, காற்றில் பறக்காமலிருக்க நாலு மூலையிலும் கல். அப்பளம் காய வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் தாண்டப் போனேன். துணிக்கு அடியில் தெரிந்த நிறம் என்னை நிறுத்தியது. தூக்கிப் பார்த்தால் என் தாள்கள். வரிசையாக, ஒன்றின் மேல் ஒன்று படாமல், பழுப்பேறி, ஓரம் சுருண்டு காய்ந்துகொண்டிருந்தன.

எனக்கு மூக்கு நுனிக்கு வந்த கோபம் வாய்க்கு வர நேரமாகவில்லை. எத்தனை பேர் எத்தனை நாள் உழைத்துச் செய்தது, இதையா வெயிலில் போடுவீர்கள், பெண் கை போனால் பரவாயில்லையா என்று வாசலிலேயே நின்று கத்தினேன். வீட்டுக்காரம்மா வெளியே வந்து எட்டிப் பார்த்தார். பெண்ணின் அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தார். நான் கத்தி முடிக்கும் வரை நின்று கேட்டார்.

"ஈரத்தோட கட்டி வச்சா புண்ணு சீழ் புடிச்சிடும் மேடம். பண்ணையில மாட்டுக்குக்கூட நாங்க ஈரத்தோட கட்ட மாட்டோம். தூசி படக்கூடாதுன்னு துணி போட்டுத்தான் காய வச்சேன்."

உள்ளேயிருந்து வந்த மகளைப் பார்த்து, உனக்காவது தெரிய வேண்டாமா, நர்ஸ் சொன்னது காதில் விழவில்லையா என்று கேட்டேன். அவள் தன் கையைப் பார்த்தபடி நின்றாள்.

"அது ஈரமா இருக்கறப்ப வலியே இல்லைக்கா. வலி இல்லன்னா புண்ணு உள்ளாற அழுகுதுன்னு அர்த்தம்னு அம்மா சொல்லுது. எனக்கும் பயமா இருந்துச்சி."

எந்தப் புத்தகத்திலும் இதை நான் படித்ததில்லை. வலிக்காமல் இருப்பதற்காக மாதக்கணக்கில் தலையைப் போட்டு உடைத்துக்கொண்டு ஒரு பொருளைச் செய்தேன். வலிக்காததாலேயே அதைக் கண்டு பயந்திருக்கிறார்கள். பகலில் தாளைக் கழற்றி, மழையில் அடுப்பருகிலும் வெயிலில் வாசலிலும் காய வைத்து, சாயங்காலம் விறைத்த தாளையே மறுபடி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அவர் செய்தது தப்புதான், அன்றும் அதைத்தான் சொன்னேன், இன்றும் சொல்வேன். ஆனால் அந்தத் துணியின் நாலு மூலைக் கல்லைப் பார்த்தபோது அதற்குமேல் கத்த முடியவில்லை. வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஒன்று கேட்டார்.

"அதுல இருக்கறது எந்தத் தண்ணி மேடம்? காய்ச்சினதா, பச்சைத்தண்ணியா?"

காய்ச்சியதுதான், கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சியது என்று சொன்னேன். அவர் தலையாட்டினாலும் நம்பவில்லை என்பது தெரிந்தது. எங்கேயோ, யாரோ, எந்தக் கிணற்றுத் தண்ணீரையோ பிடித்து உறையில் அடைத்துக் கொடுத்ததை நான் சொல்கிறேன் என்பதற்காக அவர் ஏன் நம்ப வேண்டும்? பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல்காரனுக்கும் காய்ச்சிய தண்ணீரை மட்டுமே கொடுக்கிற வீடு அது. பச்சைத்தண்ணீர் என்றால் அவர்களுக்கு வேறு, காய்ச்சிய தண்ணீர் என்றால் வேறு.

காய்ந்த தாள்களில் இரண்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். தப்பு என் தாளில் இல்லை என்று முதலாளிக்கும் டாக்டரம்மாவுக்கும் காட்ட வேண்டும், அவ்வளவுதான் அப்போது என் நினைப்பு. மறுநாள் கம்பெனியில் அவற்றிலிருந்து மருந்து எவ்வளவு போயிருக்கிறது என்று பார்ப்பதற்காக, காய்ச்சி ஆற்றிய தண்ணீரில் போட்டு வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் இரண்டும் தண்ணீரைக் குடித்து மெத்தென்று எழுந்திருந்தன. இழுத்துப் பார்த்தேன். பழையபடி வளைந்தன, முன்னைவிடக் கெட்டியாகவும் இருந்தன. வெயில் பட்டதால் மருந்து கறுத்திருந்தது, அதனால் இவற்றைப் புண்ணில் வைக்க முடியாது. ஆனால் நிழலில் காய வைத்தால்?

நான் ஐஸ்கிரீம் பெட்டியின் மேல் கையூன்றிக்கொண்டு சத்தமாகவே சிரித்தேன். உறைக்குள் வியர்த்துச் சுருங்கிப் பூஞ்சை பிடிக்கிற ஈரத்தாளை எப்படிக் காப்பாற்றுவது என்று முட்டிக்கொண்டிருந்தவளுக்கு, அதைக் காய வைத்தே அனுப்பலாம் என்பது தோன்றவேயில்லை. காய்ந்த தாளில் பூஞ்சை வராது. வேனில் எங்கே அனுப்பினாலும் ஒன்றும் ஆகாது. காஸ் துணியைப் போலவே உறையில் போட்டு வாயுவால் கிருமி நீக்கலாம், அந்த இயந்திரம் எங்களிடமே இருந்தது. ஆஸ்பத்திரியில் உப்புத்தண்ணீரில் ஊற வைத்தால் ஜெல் தயார். முதலாளியிடம் சொன்னபோது அவர் காய்ந்த தாளை மேஜையில் தட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒருமுறை செய்து பார்க்கலாம் என்றார். நிறுத்துவோம் என்று சொன்னதை அவரும் நினைவுபடுத்தவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை.

டாக்டரம்மா அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. நிழலில் காய வைத்து உறையிட்ட தாள்களை ஆஸ்பத்திரியிலேயே ஊற வைத்து, வேறு சிலருக்குப் போட்டுப் பார்த்து, திருப்தியான பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு மாற்றினார். வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிற நாளில் அவளுடைய அம்மாவையும் வரவழைத்தார். தண்ணீரை எவ்வளவு நேரம் கொதிக்க விட வேண்டும், எவ்வளவு உப்பு, எவ்வளவு ஆற வேண்டும், எந்தப் பாத்திரம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த அம்மா ஒரு புதுச் சில்வர் கிண்ணத்தை இதற்கென்றே வாங்கினார். அதை வேறு யாரும் தொடக் கூடாது. பண்ணையிலிருந்து வந்ததும் கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, தானே காய்ச்சிய தண்ணீரில் தாளை ஊறப் போட்டு, ஊறுகிற வரை அதன் முன்னாலேயே உட்கார்ந்திருப்பார். முறம் அதன்பிறகு வெளியே வரவில்லை. வலியில்லாமல் இருக்கிறதே, இப்போது பயமில்லையா என்று நான் ஒருநாள் சும்மா சீண்டினேன். தண்ணி நம்ம தண்ணிதானே மேடம் என்றார்.

போன நாட்கள் போனவைதான். சுண்டுவிரலில் தோல் இழுத்துக்கொண்டு முழுதாக மடங்க மறுத்தது. மற்ற விரல்களுக்காக அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். தாளுக்கு அடியிலேயே மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி. புண் மூடியதும் தையல் நூலை வாங்கிக்கொண்டு வந்து பென்சிலில் சுற்றிக்கொண்டேயிருந்தாள். முதலில் நூல் அறுந்தது, பிறகு தளர்ந்தது, பிறகு ஒரே சீராக விழுந்தது. ஆயுத பூஜைக்குக் கம்பெனிகளில் வர்ணக் காகிதம் ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஓசூர்ச் சந்தையில் பூசணிக்காய் மலையாகக் குவிந்துவிட்டது. கம்பி சுற்றிக் காட்ட அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நானும் லீவு போட்டுவிட்டு அவர்களோடு போனேன். சோதனை அரை மணி நேரம்தான் ஆகும் என்றிருந்தார்கள். அவள் உள்ளே போனாள். நானும் அவள் அம்மாவும் கேட்டுக்கு எதிரே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவளுக்குப் பின்னால் உள்ளே போன பெண்கள் ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள். ஒருத்தி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். எங்கள் பெண் வரவில்லை. கை வலி எடுத்து உள்ளேயே உட்கார்ந்து அழுகிறதோ என்னவோ என்று அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். டாக்டரம்மாவை, முதலாளியை, அந்தச் சுண்டுவிரலை, முறத்தை, எல்லாவற்றையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். சாப்பாட்டுச் சங்கு ஊதியபோது பொறுக்க முடியாமல் எழுந்து போய் வாட்ச்மேனிடம் சண்டைக்கு நின்றேன். காலையில் உள்ளே போன பெண்ணை என்ன செய்கிறீர்கள், ஒரு பதில் சொல்ல முடியாதா என்றேன்.

அவர் நிதானமாகக் கேட்டார். "கையில தழும்பு இருக்குதே, அந்தப் பொண்ணா? அது அப்பவே லைன்ல ஒக்காந்துட்ச்சிம்மா. சாயந்திரம் ஷிப்ட் முடிஞ்சிதான் வரும்."

திரும்பினேன். அந்த அம்மா என் பின்னாலேயே வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன். எனக்குத்தான் கண் கலங்கி வாட்ச்மேன் இரண்டு பேராகத் தெரிந்தார். அந்த அம்மாவின் முகத்தில் திடீரென்று ஒரு பதற்றம் வந்தது.

"அது சோறு கொண்டு போவலியே மேடம்."

இருவரும் தெருமுனைக்கு ஓடினோம். சாம்பார் சாதம் ஒரு பொட்டலம் வாங்கினோம். பொட்டலத்தை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு அந்த அம்மா கேட்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றார். கை வெந்த நாளிலிருந்து அந்தப் பெண்ணுக்குச் சோறு அவர்தான் ஊட்டிக்கொண்டிருந்தார். புண் ஆறிய பிறகும் சோற்றில் கை வைக்க அவளுக்குப் பயம், வைக்கச் சொல்ல இவருக்குப் பயம். வாட்ச்மேன் நகரப் போகும்போது கூப்பிட்டு நிறுத்தினார்.

"கரண்டி கிரண்டி எதுவும் குடுக்க வேணாம்யா. சோத்துக் கையாலயே பெசஞ்சி துன்னச் சொன்னேன்னு சொல்லு."

வாட்ச்மேனுக்கு ஒன்றும் புரியவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனார். நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. சாயங்காலம் வரை அந்தப் பெஞ்சிலேயே இருந்தோம். ஷிப்ட் விட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக அவள் வெளியே வந்தாள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. மகளின் வலது கையைப் பிடித்து மூக்கருகே கொண்டு போனார். சோப்புப் போட்டுக் கழுவியும் போகாத சாம்பார் வாசனையை முகர்ந்து பார்த்த பிறகுதான், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி முன்னால் நடந்தார்.